கலியமூர்த்தி பார்த்த மீன்

அந்த மீனை எரித்தது நான்தான்.

திருடு போகவில்லை. காண்ட்ராக்டர் ஆள் வைத்து உடைக்கவில்லை. கலியமூர்த்தியின் கண்ணிலும் கோளாறு இல்லை. மீன் இருந்தது... கல்லுக்குள் இருந்தது. நான் பார்த்தேன், தொட்டேன். பிறகு என் கையாலேயே அதற்குத் தீ வைத்தேன்!

இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். அரியலூர் கடைத்தெருவில் "சிரிக்க வைக்கிற லாரி டிரைவர் தங்கராசு" என்று கேட்டுப் பாருங்கள், உடனே கை காட்டுவார்கள். எழவு வீட்டில் என்னை வாசலோடு உட்கார வைத்துவிடுவார்கள், உள்ளே விட்டால் பிணமும் சிரித்துவிடுமோ என்ற பயத்தில். அப்படிப்பட்ட வாயில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் இத்தனை வருஷமாக வரவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. குவாரியிலிருந்து சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல் ஏற்றும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். காளவாய் என்றால், கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி நாள்கணக்கில் எரிக்கிற சூளை. பொங்கலுக்கு உங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளையடிக்கிறீர்களே, அது அங்கேதான் பிறக்கிறது.

கலியமூர்த்தி அந்தக் குவாரியில் கல் உடைக்கிறவன். சுற்றி வளைத்துப் பார்த்தால் எனக்கு மச்சான் முறை. நல்ல உழைப்பாளி. ஆனால் அவன் பேச ஆரம்பித்தால் எதிரில் இருக்கிறவன் பீடி தேட ஆரம்பிப்பான். ஒரு டீயை ஆற்றுகிற நேரம்கூட அவன் பேச்சை யாரும் கேட்டதில்லை.

அவன் மாமனார் குரும்பலூர்க்காரர். மாப்பிள்ளை குவாரியில் மேஸ்திரி என்று தரகர் அளந்துவிட்டதை நம்பிப் பெண்ணைக் கொடுத்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, மேஸ்திரி இல்லை, சம்மட்டி அடிக்கிறவன் என்று. பொய் தரகருடையது. பழி கலியமூர்த்திக்கு! "பொய்க்காரப் பய" என்பதைத் தவிர வேறு பெயரில் மாமனார் அவனைக் குறிப்பிட்டதே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

திருச்சியிலிருந்து ஒரு காலேஜ் சார் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் குவாரிக்கு வருவார். கல்லாகிப்போன சிப்பி, நத்தை, சுறாப் பல் எல்லாம் பொறுக்குவார்கள். ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொன்னார்.

"இந்த ஊரெல்லாம் ஒரு காலத்துல கடல்ங்க. யானையை விடப் பெருசா டைனோசர்னு ஒண்ணு கரையில திரிஞ்ச காலம்."

"அப்ப பஸ் ஸ்டாண்டு எங்க சார் இருந்துச்சு?" என்று நான் கேட்டேன். கடையே சிரித்தது. சாரும் சிரித்தார்.

கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "சார், அந்தக் கடல்ல மீனு இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சே! சுறா மட்டும் இல்ல, முள்ளு மீனும் இருந்துச்சு. துடுப்பைப் பாத்தா விசிறி மாதிரி கம்பி கம்பியா விரிஞ்சிருக்கும். நம்ம கெண்டை, விரால் எல்லாம் அந்த வழிதான். ஆனா இங்க பல்லும் எலும்புத் துண்டும்தான் கெடைக்குது. முழுசா ஒண்ணு கெடைச்சா சொல்லுங்க. காலேஜ்ல கண்ணாடிப் பொட்டியில வச்சு, பக்கத்துலயே கண்டுபிடிச்சவர் பேரையும் எழுதி வைப்போம்."

கலியமூர்த்தி தன் டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷம் மார்கழியில் அது கிடைத்தது.

சாயங்காலம். எல்லோரும் போய்விட்டார்கள். நான் லோடுக்காகக் காத்திருந்தேன். பள்ளத்திலிருந்து அவன் கத்தினான். "மாப்ள! ஓடியா... ஓடியா!"

தட்டையான பலகைக்கல் ஒன்று இட்லித் தட்டைப் பிரித்ததுபோல் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல் பாதி நொறுங்கிவிட்டது. கீழ்ப் பாதியில்... மீன்! முழங்கை நீளம். வெல்லப்பாகு நிறம். கண் இருந்த இடத்தில் ஒரு வட்டம். வாயின் முன்னால் இரண்டு கோரைப் பற்கள். துடுப்பு, சார் சொன்ன மாதிரியே, விசிறியாக விரிந்து ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்போதுதான் நீந்தி வந்து களைத்துப் படுத்தது போலிருந்தது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. சத்தியம். அந்தச் சிலிர்ப்பை அப்படியே விட்டிருக்கலாம். விட்டேனா?

"மச்சான், கொழம்பு வைக்கிறதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சே" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. குந்தி உட்கார்ந்து, சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால் அந்தத் துடுப்பை மெல்லத் தடவிக்கொண்டிருந்தான். "மாப்ள... இதை மொத மொதல்ல பாத்த மனுசன் நான்தான், இல்ல?"

"நீதான். நான் ரெண்டாவது."

"யாருகிட்டயும் காட்ட வேணாம்டா. காண்ட்ராக்டர் கண்ணுல பட்டுச்சுன்னா புடுங்கிக்குவான்."

"சார் வர்ற வரைக்கும் மூடியே வையி" என்று நானும் சொன்னேன். யாருக்கும் காட்டாதே என்று ஒத்து ஊதியவனும் நான்தான்! கல்லை லாரியில் ஏற்றி அவன் குடிசையில் இறக்கினோம். சாக்குப் போட்டு மூடினோம். மருதாயி, அவன் பெண்டாட்டி, தலைப்பிரசவத்துக்குக் குரும்பலூர் போயிருந்தாள். ஆக, அந்த மீனைப் பார்த்த கண்கள் நாலே நாலு. இரண்டு அவனுடையது. இரண்டு என்னுடையது.

திருச்சிக்கு லோடு போனபோது நானே சாரைப் பார்த்துச் சொன்னேன். வருகிற நாளைக் குறித்துக் கொடுத்தார். கலியமூர்த்தி கேட்டுவிட்டு, "அன்னைக்கே மருதாயியையும் புள்ளையையும் கூட்டியாந்துடறேன். மாமனாரும் வரட்டும். அவரு கண்ணு முன்னால சார் என் பேரைக் கேட்டு எழுதணும் மாப்ள" என்றான்.

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த ஒரு மனிதர் முன்னால் ஒரே ஒரு தடவை அவன் சொன்னது நிஜமாக வேண்டும்.

சார் வருவதற்கு முதல் நாள் அவன் குரும்பலூருக்கு பஸ் ஏறினான். ராத்தங்கி, காலையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. குடிசை காலி.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது... என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

கடைத்தெருவில் ஒரு வாளைக் கருவாடு வாங்கினேன். நீளமாக, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சார் வந்து சாக்கை விலக்குகிறார்... கோடி வருஷத்து மீனுக்குப் பதிலாகக் கருவாடு! எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நான் லாரியோடு வந்து நிஜ மீனை இறக்குகிறேன். எத்தனை அழகான காட்சி! மனதுக்குள் ஓட்டிப் பார்த்து நானே சிரித்தேன்.

கருவாட்டைச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, கல்லை லாரியில் ஏற்றினேன். அதை எங்கே ஒளிப்பது? கல்லை ஒளிக்கக் கல் குவியலை விட நல்ல இடம் உண்டா! வழக்கமாக நான் லோடு இறக்குகிற காளவாயில், குவியலின் ஓரத்தில், மீன் இருந்த பக்கம் மண்ணைப் பார்க்கக் குப்புறப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அந்தக் காளவாய் முந்தின நெருப்பு ஆறாமல் இருந்தது. ஒரு வாரத்துக்கு அடுக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

காளவாய்க்காரர் பெரியசாமி அண்ணனுக்கு வேறு கணக்கு. பெரம்பலூர் கடைக்குப் பொங்கல் சரக்கு அவசரமாம். நான் போன பிறகு ராத்திரியோடு ராத்திரியாக ஆள் விட்டுப் பழைய சுண்ணாம்பை வாரிவிட்டார். விடியற்காலை நல்ல நேரம் பார்த்துப் புதுக்கல் அடுக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்துக் காளவாயில் ஒரு வழக்கம். முதல் கல்லை எவனும் கண்டபடி போட மாட்டான். குவியலிலேயே தட்டையான, லட்சணமான கல்லாகத் தேடி எடுத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி அடியில் நடுவாக வைப்பார்கள். மற்ற கல்லையெல்லாம் தேங்காய் அளவுக்கு உடைப்பார்கள், அந்தக் கல்லை மட்டும் உடைக்க மாட்டார்கள். அதன்மேல்தான் கரியும் கல்லும் ஏறும்.

இது எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! "கல்லுக்குக்கூடக் கல்யாண அலங்காரம் பண்ணித்தான் எரிக்கிறீங்க" என்று கல் அடுக்குகிற பெண்களைக் கிண்டல் செய்தவனே நான்தானே!

காலையில் லாரியோடு போனேன். காளவாயின் வாய் வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். குவியலின் ஓரத்தில் என் கல் இல்லை.

பெரியசாமி அண்ணன் குளித்து விபூதி பூசி நின்றார். "வாய்யா தங்கராசு! இந்தத் தடவ மொதக்கல்லு பாத்தீல்ல... இல்ல, நீ எங்க பாத்த! மேசையாட்டம் அம்சமா ஒரு பலவைக்கல்லு. உன் லோடுலதான் கெடந்துச்சுய்யா! கெடந்தபடியே தூக்கி வச்சோம்."

காளவாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.

"உள்ள வச்சாச்சா அண்ணே?"

"வச்சு அடுக்கியாச்சு. நேரமாச்சு. உன் வாயி ராசியான வாயி, ஊரே சிரிக்குது. இந்தா, நீயே நெருப்ப வையி." எண்ணெயில் முக்கிய பந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது என்னோடு கொஞ்சம் நில்லுங்கள். இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருக்கிறது.

நெருப்பு இன்னும் வைக்கவில்லை. மீன் அடியில் பத்திரமாக இருந்தது. "நிறுத்துங்கண்ணே" என்று ஒரு வார்த்தை போதும். அரை நாள் வேலை கெடும், நல்ல நேரம் தப்பும், அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டுவார். "ஏன்டா ஒளிச்ச?" என்று கேட்பார். "கருவாடு வைக்கிறதுக்காக" என்று சொல்ல வேண்டும். கல் அடுக்கிய பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள்... என்னைப் பார்த்து!

ஊரைச் சிரிக்க வைத்தே பேர் வாங்கியவன் நான். ஊர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவ்வளவுதானா? ஒரு மனிதன் இவ்வளவு சின்னவனாக இருக்க முடியுமா? இருந்தேன்.

பந்தத்தை உள்ளே நீட்டினேன். கரி பிடித்துக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். மீன் வாசனை வருகிறதா என்று என் மூக்கு தேடியது. வரவில்லை. வெறும் புகை!

குடிசையில் கருவாடு இருக்கிறதே... அதையாவது எடுத்துவிடலாம் என்று ஓடினேன். ஜீப் முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. வைக்கோல் பரப்பிய ஒரு மரப்பெட்டியை சார் கையோடு கொண்டுவந்திருந்தார். கலியமூர்த்தி சலவை வேட்டியில் நின்றான். மாமனாருக்கு எங்கிருந்தோ நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தான். கைக்குழந்தையோடு மருதாயி. சுற்றிலும் தெரு.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல!

"வந்துட்டான் பாருங்க. ரெண்டாவதா பாத்தவன்" என்று சாரிடம் சொன்னான். சாக்கை அவனே விலக்கினான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு தெருவே சிரித்தது. நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த அதே சிரிப்பு, அச்சு அசலாக!

அவன் கருவாட்டைத் தூக்கி ஓரமாக வைத்தான். அதன் அடியில் கல் இருக்கும் என்பதுபோல வெறும் தரையைத் தடவினான். சாக்கை உதறினான். மறுபடி தரையைத் தடவினான்.

"மேஸ்திரின்னான். இப்ப மீனுங்கறான்" என்று மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "கூட்டம் கூட்டிக் கருவாடு காட்டுறான் பாரு. ஏம்மா, புள்ளையத் தூக்கு. போவலாம்."

"ஏங்க... நெசமாவே இருந்துச்சா?" என்றாள் மருதாயி.

"தங்கராசு பாத்தான்! அவன்கிட்டக் கேளு!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சாரும் திரும்பினார். "நீங்கதானே வந்து சொன்னீங்க? பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, "அப்போ எங்கே?" என்பது. அது என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"வெளிச்சம் பத்தல சார்... ஏதோ கோடு கோடா இருந்துச்சு. கலியன் மீனுன்னான். நானும் மீனுன்னு சொல்லிட்டேன்."

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான். கோபமில்லை. அது கோபமாக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் நான் மறந்திருப்பேன்.

சார் நல்ல மனுஷர். "பரவால்லைங்க, கல்லுல இருக்கிற கறை சில சமயம் அப்பிடித்தான் தெரியும்" என்று அவன் தோளைத் தொட்டார். வைக்கோல் பெட்டி வந்தபடியே காலியாக ஜீப்பில் ஏறியது. மருதாயி குழந்தையோடு அப்பா பின்னால் பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் அவன் என்னைத் தேடி வந்தான். "மாப்ள, வெளையாட்டு போதும்டா. குடுத்துரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதி உண்மையைச் சொன்னேன். முழுப் பொய்யைவிட அதற்குப் பலம் அதிகம். "கருவாடு வச்சது நான்தான் மச்சான், மன்னிச்சுக்க. ஆனா நான் வரும்போதே சாக்குக்கு அடியில ஒண்ணும் இல்ல. உன் புள்ள மேல சத்தியமா!"

பிறந்து மாதம்கூட ஆகாத குழந்தை! இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் எனக்கு வியர்த்துவிடும்.

அவன் நம்பினான். யாரோ திருடிவிட்டார்கள் என்று குவாரி முழுக்கத் தேடினான். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவனைப் பார்த்து ஊர் சிரித்தது. "கருவாட்டுக் கலியன்" என்ற பெயர் ஊரில் நிலைத்தது. அதை முதலில் சொன்னது யார் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

காளவாய் ஆறியது. நெருப்பு வைத்தவனுக்கு முதல் கூடைச் சுண்ணாம்பு, அதுவும் வழக்கம். பெரியசாமி அண்ணன் அடிக்கல்லிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். ஒரு பல்லாவது, ஒரு துடுப்புக் கம்பியாவது இருக்குமா என்று கட்டிகளை விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. விரல்தான் வெந்தது.

என் வீட்டில் அதை வைத்துக்கொள்ளத் தைரியமில்லை. கலியமூர்த்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொங்கலுக்கு மருதாயி வந்தாலும் வருவா. வூடு வெள்ளையா இருக்கட்டும்" என்றான். தண்ணீர் ஊற்றியதும் சுண்ணாம்பு கொதித்தது. இரண்டு பேருமாகச் சுவர் முழுக்க அடித்தோம். அவன் மீனை அவன் கையாலேயே அவன் வீட்டுச் சுவரில்... நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மருதாயி பொங்கலுக்கு வரவில்லை. மாசி கடைசியில் வந்தாள். மீனைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

குவாரித் தூசி அவன் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். நான் பார்க்கப் போனேன். அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு விசில் அடித்தது.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். வெளையாடாமச் சொல்லு. அந்தக் கல்லுல... மீனு இருந்துச்சுல்ல? நான் பாத்தது நெசம்தானே?"

மருதாயி அடுப்படியில். மகள் பள்ளிக்கூடத்தில். அவனும் நானும்தான். அவன் கண்ணை மூடுவதற்கு முன் அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்திருக்கலாம். "ஆமா" என்று சொன்னால் போதும். எவ்வளவு சின்ன வார்த்தை!

"மச்சான், நீ அன்னைக்குப் பழைய சோத்துக்குக் கருவாட்டைக் கடிச்சுட்டு வேலைக்கு வந்திருப்ப. அதான் பாத்த எடமெல்லாம் மீனாத் தெரிஞ்சிருக்கு."

பழக்கம்! நாக்கு தானாகவே போய்விட்டது.

அவன் சிரித்தான். எனக்காகச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்தபடி, "அப்பிடித்தான் இருக்கும். எனக்குத்தான்... கண்ணு சரியில்ல" என்றான்.

அந்த மீனைப் பார்த்த கண்களில் இரண்டு அன்றைக்கே பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டன. மறு வாரம் மூடிக்கொண்டன. பாக்கி இரண்டு என்னிடம் இருக்கின்றன.

போன வாரம் அந்தக் குடிசைக்குப் போயிருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொண்டுபோனேன். ஒவ்வொரு வருஷமும் கொண்டுபோகிறேன், பெரிய தர்மப்பிரபு! மகள் செல்வி அப்பா சாய்ந்த அதே இடத்தில் சாய்ந்து நின்றாள். இப்போது அஞ்சாவது படிக்கிறாள். கையில் ஒரு கல் சிப்பி.

"மாமா, எங்க டீச்சரு சொன்னாங்க, நம்ம ஊரு முன்னாடி கடலாம். மீனெல்லாம் கல்லாயிருக்குமாம். நான் எங்கப்பா பாத்துருக்காருன்னு சொன்னேன். எல்லாப் புள்ளைங்களும் சிரிக்குது." சிப்பியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "எங்கப்பா பொய்யா சொன்னாரு? நீங்க கூட இருந்தீங்களாமே?"

நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை சொல்லிவிடத்தான் திறந்தேன். நம்புங்கள்.

"பாப்பா, முதுகெல்லாம் சுண்ணாம்பு" என்றேன்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தட்டிவிட்டாள். வெள்ளையாக உதிர்ந்தது.